ஓரியின் அம்பும் மங்கிய பின்னணியும்

காரவள்ளியில் தொடங்கும் மலைப்பாதை 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிக் கொல்லிமலைக்கு ஏறுகிறது. விடுமுறை நாட்களில் அந்த வளைவுகளில் வண்டியோட்டி வரும் இளைஞர்களில் சிலருடைய தோளில் கேமரா தொங்கும். அதில் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் மாட்டியிருந்தால் வியப்பில்லை. எடை குறைவு, விலையும் கட்டுப்படியாகும்; பின்னணியை 'ப்ளர்' செய்து பழக விரும்புகிறவர்கள் முதலில் வாங்குவது அதைத்தான். பழகுவதற்கு மலையில் இடத்துக்கும் பஞ்சமில்லை. சில்வர் ஓக் மரங்களில் சுற்றி ஏறிய மிளகுக் கொடி, சோளக்காட்டுச் சந்தையில் குவியும் அன்னாசியும் வாழைத்தாரும், சீக்குப்பாறையின் விளிம்பு, நினைத்த நேரத்தில் வந்து சூழும் பனிமூட்டம் என்று எல்லாமே எளிதில் கிடைக்கின்றன.

கைப்பழக்கமாகத் தொடங்கும் இந்த வேலைக்குள் இந்தியத் தத்துவ மரபுகள் நெடுங்காலம் மோதிக்கொண்ட ஒரு கேள்வி இருக்கிறது. ஒன்றை முழுமனத்தோடு காண வேண்டுமானால் மற்றவற்றை மங்கவிடத்தான் வேண்டுமா? அப்படி மங்கவிடுவது எதுவரை கவனம், எங்கிருந்து அநீதி?

லென்ஸ் செய்வதை முதலில் கணக்காகவே பார்த்துவிடலாம். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் அந்த 50 மி.மீ. லென்ஸை எஃப்/1.8 வரை திறந்து, 2 மீட்டர் தள்ளி நிற்பவரின் கண்ணில் ஃபோகஸ் வைத்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 17 செ.மீ. மட்டுமே. அதே இடத்தில் எஃப்/11க்கு மூடினால் தெளிவு ஒரு மீட்டரைத் தாண்டிவிடும். எஃப்/1.8இல் ஒளி நுழையும் வாசலின் விட்டம் சுமார் 28 மி.மீ.; எஃப்/11இல் 4.5 மி.மீ. வாசலை அகலத் திறந்தால் ஒளி ஏராளமாக வரும், தெளிவின் ஆழம் சுருங்கும். ஊசித்துளைக் கேமராவில் இதற்கு நேர்மாறு. அங்கே ஒளி மிகக் குறைவு. ஆனால் அருகும் தொலைவும் ஒரே தரத்தில் பதிவாகும், எதற்கும் முதலிடம் கிடையாது.

பின்னால் இருப்பவை எல்லாம் ஒரே அளவில் மங்குவதும் இல்லை. ஆள் 2 மீட்டரில் நிற்கிறார் என்று கொள்வோம். அவருக்குப் பின்னே, கேமராவிலிருந்து 4 மீட்டரில் நிற்கும் பலாமரம், அடிவானம் மங்கும் அளவில் பாதிதான் மங்கும். 10 மீட்டரில் உள்ள வேலி ஐந்தில் நான்கு பங்கு மங்கிவிடும். அதற்கப்பால் பல கிலோமீட்டர் கீழே கிடக்கும் நாமக்கல் சமவெளி, அந்த வேலியைவிட மிச்சமுள்ள ஒரு பங்குதான் கூடுதலாக மங்கும். பழகுகிறவர்களுக்கு இதில் நல்ல பாடம் உண்டு. பின்னணி கரையவில்லையே என்று காட்சிமுனையைத் தேடி ஓட வேண்டாம். சுவரை ஒட்டி நிற்பவரை நாலடி முன்னால் வரச் சொன்னால் போதும், படம் மாறிவிடும்.

இதில் பலரும் எண்ணிப் பார்க்காத உண்மை ஒன்று உண்டு. மங்கிப்போன பலா இலையின் ஒளி எங்கும் தொலைந்துபோவதில்லை. இலையின் ஒவ்வொரு புள்ளியும் சிறு வட்டமாக விரிந்து, அண்டைப் புள்ளியின் வட்டத்தோடு கலந்து, சென்சாரில் வந்து சேர்ந்தே தீருகிறது. காலை வெயில் இலைகளுக்கிடையே கசியும்போது பின்னணியில் மிதக்கும் 'பொக்கே' வட்டங்கள் அவைதாம். லென்ஸை முழுக்கத் திறந்தால் அவை வட்டம். சற்று மூடினால் உள்ளிருக்கும் தகடுகளின் எண்ணிக்கைக்கேற்பப் பலகோணம். படத்தின் ஓரங்களில் நீள்வட்டம். லென்ஸ் எதையும் விலக்குவதில்லை. அந்தந்தப் பொருளின் தொலைவுக்குத் தக்கபடி இடம் தந்து வைக்கிறது.

கவனத்தைப் பற்றி நம் நாட்டில் சொல்லப்படும் கதைகளில் முதலிடம் அர்ச்சுனனுக்கு. மரத்தின் மேல் ஒரு பொம்மைப் பறவையை வைத்துவிட்டு, என்ன தெரிகிறது என்று துரோணர் சீடர்களைக் கேட்கிறார். மரம் தெரிகிறது, நீங்கள் தெரிகிறீர்கள், தம்பிமார் தெரிகிறார்கள் என்ற தருமனை விலகி நிற்கச் சொல்கிறார். பறவையின் தலை மட்டுமே தெரிகிறது என்ற அர்ச்சுனனுக்கே அம்பு விட அனுமதி. பள்ளிக்கூட ஆண்டுவிழாக்களில் இந்தக் கதையை ஒருமுகப்பட்ட மனத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லி முடித்துவிடுவார்கள். பாரதம் அங்கே முடியவில்லை. பறவையின் தலையை மட்டுமே கண்ட அதே அர்ச்சுனனுக்குக் குருக்ஷேத்திரத்தில் ஆசிரியரும் பாட்டனாரும் உறவினரும் ஒரே நேரத்தில் கண்ணில் படுகிறார்கள், வில் கைநழுவுகிறது. வில் தேர்வில் தோற்ற தருமனோ, வாழ்வின் கடைசிப் பயணத்தில் தன்னைத் தொடர்ந்து வந்த ஒரு நாயை விட்டுவிட்டுச் சொர்க்கம் புக மறுக்கிறான். ஓரத்தில் நிற்பவர்களைக் காணும் கண் வில்லுக்கு உதவவில்லை, அறத்துக்கு உதவியது. வியாசர் இரண்டு கண்களையும் ஒரே காவியத்துக்குள் வைத்திருக்கிறார்.

கொல்லிமலைக்குச் சொந்தமான வில்லாளி வேறொருவன். செம்மேட்டில் சிலையாக நிற்கும் வல்வில் ஓரி. ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் அவனுக்கு அரசு விழா நடக்கிறது. அவனுடைய வில்லாற்றலைப் பற்றிய பெயர்பெற்ற பாட்டு புறநானூற்றில் 152ஆவது, பாடியவர் வன்பரணர். அதில் ஓரி விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைச் சாய்த்து, புள்ளிமானை உருட்டி, பன்றியைக் கடந்து, புற்றில் இருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. அர்ச்சுனனின் அம்புக்குப் பறவையைத் தவிர உலகம் இல்லை. ஓரியின் அம்புக்கோ அடுக்கடுக்கான உலகம் இருக்கிறது. அருகில் யானை, கடைசியில் உடும்பு. ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய இடமும் உருவும் உண்டு. புலவர் எதையும் கூட்டமாகச் சொல்லிக் கடந்து போகவில்லை. வேட்டையைப் புகழ்வதற்காக அந்தப் பாட்டை இங்கே நினைக்கவில்லை. ஆழம் உள்ள கவனம் என்பது என்ன என்று அந்த ஐந்து விலங்குகளும் காட்டுகின்றன.

ஒருமுகக் கவனத்துக்குச் சமயத்தில் உயர்ந்த இடம் இருக்கிறது, அதை மறுப்பதற்கில்லை. மனத்தை ஓரிடத்தில் கட்டுவதைப் பதஞ்சலி தாரணை என்கிறார். அது இடையறாது ஓடினால் தியானம். திருமூலரும் எட்டு உறுப்பு யோகத்தில் இவற்றை அடுத்தடுத்து வைக்கிறார். கொல்லிமலையின் அறப்பளீஸ்வரர் கோயில் தேவார வைப்புத்தலம். அம்பலவாணக் கவிராயர் அறப்பளீசுர சதகம் பாடியது இத்தலத்து இறைவன் மேல். பழைய சிவன் கோயில்களுக்கே உரிய ஏற்பாடு இங்கும் உண்டு. கருவறை இருள், நடுவில் லிங்கம், தீபாராதனை காட்டும்போது எழும் ஒளி. அந்தச் சில நொடிகளுக்குச் சுவரும் தூணும் பக்கத்தில் நிற்பவரும் கண்ணிலிருந்து விலகிவிடுகிறார்கள். 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழகக் கோயில்களுக்குள் கைபேசியைத் தடைசெய்யும்படி அறநிலையத் துறைக்கு உத்தரவிட்டது. அதனால் அந்த இருளும் ஒளியும் கண்ணுக்கே உரியவை.

ஆனால் கோயில் கருவறையோடு நிற்பதில்லை. நந்தியையும் துவாரபாலகரையும் சுற்றாலையையும் கடந்துதான் உள்ளே போக முடியும். கீழே ஐயாற்று மீன்களுக்குப் பொரி போடாமல் அறப்பளீஸ்வரரை வணங்கி முடித்ததாகப் பல பக்தர்கள் கருதுவதில்லை. மீனும் அத்தலத்து வரலாற்றில் இருக்கிறது. ஆயிரம் படிகளுக்கு மேல் இறங்கினால் ஆகாய கங்கை. திருவிழா நாளில் இறைவனே புறப்பட்டுத் தெருவின் நெரிசலுக்கு நடுவே வந்துவிடுகிறார். மங்கவிட்ட உலகத்துக்கே திரும்பி வருவதுதான் புறப்பாடு. ஆகவே ஒருமுகப்படுதல் வழிபாட்டின் ஒரு கட்டம், அதன் முழுமை வேறு.

அந்தக் கட்டத்திலேயே தங்கிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் இந்த மலை ஒரு விடை வைத்திருக்கிறது. சங்கப் புலவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் கொல்லிப்பாவை மேற்குச் சரிவில் தெய்வம் எழுதியது, பூதம் அமைத்தது. குறுந்தொகையிலும் நற்றிணையிலும் தலைவன் தன் தலைவியின் அழகுக்கு அவளை ஒப்பிடுகிறான். பின்னால் வளர்ந்த கதையில் அவள் சிரிப்பு ஆளைக் கொல்லும். பார்த்தவர் வேறெதையும் காணாமல் மயங்கி உயிர்விடுவர். இன்று எட்டுக்கை அம்மன் கோயிலில் இருப்பவளையே கொல்லிப்பாவை என்று மலைமக்கள் வணங்குகிறார்கள். ஒரே உருவத்தில் கண் சிக்கி, சுற்றம் முழுதும் அழிந்துபோவதன் அச்சம் அந்தக் கதையில் உறைந்திருக்கிறது.

தத்துவ வாதத்தில் இந்தக் கேள்வி கூர்மை பெற்ற இடம் பௌத்த, சமண நூல்கள். காஞ்சிப் பக்கத்தில் பிறந்தவர் என்று மரபு சொல்லும் திங்நாகர், ஒரு சொல் எப்படிப் பொருள் தருகிறது என்று ஆராய்ந்து, விலக்குவதால்தான் என்று முடிவு கட்டினார். பசு என்றால் பசு அல்லாதவை அனைத்தையும் நீக்கியது. அபோகம் எனப்படும் இந்தக் கொள்கையை ஏழாம் நூற்றாண்டில் மீமாம்சகரான குமாரிலர் எதிர்த்தார். பசு எது என்று முன்பே தெரியாமல் பசு அல்லாததை எப்படி விலக்குவாய் என்பது அவர் தொடுத்த வினாக்களில் வலுவானது. பின்னால் வந்த பௌத்தர்கள் அதற்கு விடை சொல்லப் பல நூற்றாண்டுகள் உழைத்தார்கள்.

சமணர்கள் எடுத்த வழி வேறு. கேமரா பிடிப்பவருக்கு அதைவிடப் பொருத்தமான தத்துவம் இருப்பதாகத் தெரியவில்லை. பொருள் பல தன்மைகள் உடையது. பேசுகிறவன், பார்க்கிறவன், ஒரு நேரத்தில் அவற்றில் ஒன்றை முன்னே கொண்டுவருகிறான்; மற்றவை பின்னே போகின்றன. உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் ஐந்தாம் அத்தியாயத்தில் இதைச் சொல்கிறது. பூஜ்யபாதர் தம் உரையில் தரும் விளக்கம் எளியது. ஒரே ஆள் ஒருவனுக்குத் தந்தை, இன்னொருவனுக்கு மகன், வேறொருவனுக்கு உடன்பிறந்தான். தந்தை என்று சொல்லும்போது மகன் என்பது பின்னே நிற்கிறது; பொய்யாகிவிடவில்லை. இப்படி ஒன்றை முன்வைத்து மற்றதை மறுக்காமல் விடுவது நயம். இது மட்டுமே உண்மை என்று மற்றதை மறுத்துவிட்டால் அது துர்நயம். 12ஆம் நூற்றாண்டில் ஹேமசந்திரர் இந்த எல்லையை இன்னும் தெளிவாக வரைந்தார்.

எஃப்/1.8 என்ற வாசல் நயம். அது எதையும் மறுக்கவில்லை. மறுப்பது கேமராவுக்குப் பின்னால் நிற்கும் மனிதனின் முடிவு.

திருமூலரின் மர யானையைத் தமிழ் வாசகர் இங்கே நினைத்துக்கொள்வது இயல்பு. யானையைக் காணும்போது மரம் மறைகிறது, மரத்தைக் காணும்போது யானை மறைகிறது. இரண்டில் எதுவும் அழிவதில்லை. பார்வை இடம் மாறுகிறது. இன்னும் ஒரு படி மேலே போனவர் தொல்காப்பியர். முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று அகப்பாட்டின் பொருளை மூன்றாக்கி, அவை ஒன்றைவிட அடுத்தது சிறந்தது என்று வரிசையும் தந்தார். நிலமும் பொழுதும் முதல். மரம், விலங்கு, உணவு, தெய்வம் முதலியவை கரு. மனிதரின் உணர்வு உரி. ஃபோகஸ் உரிப்பொருளில்தான் இருக்க வேண்டும், ஐயமில்லை. ஆனால் குறிஞ்சிப் பாட்டில் மலையை எடுத்துவிட்டால் தலைவியின் தவிப்புக்குப் பேச்சு இல்லை. அவள் வாய்விட்டுச் சொல்லாததை, கிளையில் தொங்கும் பலாப்பழமும் குரங்கும் உள்ளுறையாகச் சொல்கின்றன. தமிழ் அழகியலில் பின்னணி அலங்காரமாக இருந்ததே இல்லை. மங்கலாக நின்றுகொண்டே அது பேசும்.

மேலை நாட்டிலும் இந்தச் சண்டை உண்டு. 1815இல் கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரன், 48 வயதில் கேமராவைத் தொட்டு, மென்மையாக மங்கிய முகப்படங்களை எடுத்தார். ஃபோகஸ் தவறிய படங்கள் என்று விமரிசகர்கள் சாடினார்கள். எது சரியான ஃபோகஸ் என்று சொல்ல யாருக்கு உரிமை என்று வானியலாளர் ஹெர்ஷலுக்கு எழுதிய கடிதத்தில் அவர் கேட்டார். மனிதக் கண்ணே நடுவில் மட்டும்தான் கூர்மையாகக் காண்கிறது, படமும் அப்படியே இருக்கட்டும் என்று அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸின் ஆய்வைத் துணைக்கழைத்து 1889இல் நூல் எழுதினார் பீட்டர் ஹென்றி எமர்சன். அதற்கு எதிராக 1932இல் அன்சல் ஆடம்ஸும் எட்வர்ட் வெஸ்டனும் எஃப்/64 என்று குழுவுக்கே பெயரிட்டு, முன்னும் பின்னும் சமமாகக் கூர்மை என்றார்கள். கேமரன் கடைசி ஆண்டுகளில் கணவரின் காபித் தோட்டங்கள் இருந்த இலங்கைக்குப் போய், 1879இல் அங்கேயே இறந்தார். இங்கிலாந்தில் அவர் எடுத்த டென்னிசனும் டார்வினும் பெயரோடு நிற்கிறார்கள். இலங்கையில் அவர் படமெடுத்த உழைக்கும் மக்களில் பெரும்பாலோருக்குப் பெயர் இல்லை. லென்ஸ் தெளிவாகவே காட்டிய முகங்களை வரலாறு மங்கவிட்டது.

கொல்லிமலை மக்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 1885இல் சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக வந்த எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் நூலில் இம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரும் இடம்பெறுகிறார்கள். தலையையும் மூக்கையும் அளந்து மனிதரை வகைப்படுத்திய காலம் அது. அளவைப் படங்களுக்காக ஆளின் பின்னே வெற்றுத் துணியைத் தொங்கவிடுவது அன்றைய மானுடவியலின் வழக்கம். வீடு, வயல், மலை, பேச்சுத்துணை எல்லாம் நீங்கி, மனிதர் ஒரு மாதிரிப் பொருளாக மிஞ்சினார். காஞ்சியிலிருந்து வந்த உடன்பிறந்தார் மூவர் மூன்று மலைகளில் குடியேறினார்கள் என்பது இம்மக்கள் தங்களைப் பற்றிச் சொல்லும் கதை. மலையை எடுத்துவிட்டால் அந்தக் கதையே இல்லை. இதுதான் துர்நயம்.

இன்று அதே செயல் அன்போடு நடக்கிறது என்பதால் கவனம் கூடுதலாக வேண்டும். சாமைக் கதிரைக் கையில் பிடித்த மூதாட்டியின் முகம், பின்னால் பச்சையாகக் கரைந்த மலை: இப்படி ஒரு படம் யாரையும் ஈர்க்கும். அந்தப் பச்சை என்ன? சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த மேட்டுநிலங்களில் பெரும்பகுதி, சேலம், நாமக்கல் பகுதி ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் மரவள்ளிக்கு மாறிவிட்டது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இம்மலையில் சிறுதானியங்களைக் காக்க மக்களோடு சேர்ந்து உழைத்துவருவதும் அதனால்தான். மூதாட்டியின் கையில் சாமை, முதுகுக்குப் பின்னே மரவள்ளி என்றால், அவள் வாழ்வின் செய்தி அந்த இரண்டுக்கும் இடையில்தான் இருக்கிறது. எஃப்/1.8 அதை வெறும் பச்சையாக்கிவிடும். எஃப்/5.6இல் மரவள்ளியின் விரிந்த விரல் இலைகள் அடையாளம் தெரியும் அளவுக்கு மங்கி நிற்கும். முகமும் முதலிடத்தை இழக்காது. படமெடுப்பவர் செய்யும் அறம் எஃப் எண்ணை மாற்றும் விரலில் இருக்கிறது.

கைபேசியில் இந்தப் பொறுப்பு கையைவிட்டே போய்விடுகிறது. அதன் லென்ஸின் வாசல் சில மில்லிமீட்டர்தான். இயல்பாகப் பின்னணி அதில் பெரிதாக மங்காது. 2016இல் ஐஃபோன் 7 பிளஸ் இரண்டு லென்ஸ்களின் பார்வை வேறுபாட்டைக் கொண்டும், 2017இல் கூகுள் பிக்சல் 2 ஒரே லென்ஸோடும், ஆள் எது, பின்னணி எது என்று கணித்து மங்கலை வரைந்து சேர்க்கத் தொடங்கின. கூந்தலின் ஓரம், தோட்டின் தொங்கல், இடுப்புக் கூடைக்கும் கைக்கும் நடுவிலுள்ள இடைவெளி ஆகிய இடங்களில் இந்தக் கணிப்பு தடுமாறுவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். குமாரிலர் கேட்ட கேள்வி அங்கே எழுகிறது. ஆள் எதுவரை என்று தெரியாத ஒன்று, ஆள் அல்லாததை எப்படி விலக்கும்? இடுப்பில் இருந்த குழந்தையின் கால் பின்னணியாகிக் கரைந்த படங்களும் உண்டு. இக்காலக் கருவிகள் தொலைவுக்கேற்ற மங்கலை முன்பைவிட நன்றாகவே வரைகின்றன, பல கைபேசிகளில் மங்கலின் அளவைப் பிறகு மாற்றவும் முடியும். ஆனாலும் கண்ணாடி வழியாக வந்த ஒளி தானே விரிவதும், கணிப்பின்மேல் எழுதப்படுவதும் ஒன்றாகா. முன்னதில் வயல் இருக்கிறது. பின்னதில் வயல் இருந்த இடம் பூசப்பட்டிருக்கிறது.

பின்னணியை மங்கவிடும் பயிற்சியைக் கைவிட வேண்டிய தேவை எதுவுமில்லை. அது கண்ணுக்கு நல்ல பயிற்சி. எதை முன்னே வைக்கிறோம் என்று ஒவ்வொரு முறையும் முடிவெடுக்க வைக்கிறது. மிளகுக் கொடியில் ஒரே ஒரு சரத்தை மட்டும் தெளிவாக நிறுத்திப் பார்த்தவருக்கு அந்தச் சரத்தின் மணிகள் அதற்குப் பிறகு வெறும் மிளகாகத் தெரியாது. வேண்டியதெல்லாம் ஓரியின் அம்புக்குரிய பொறுமை: முதலில் பட்டதோடு நின்றுவிடாமல், பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு அதை மங்கவிடுவது.

இந்த ஆடியில் கொல்லிமலைக்கு ஏறுகிறவர்கள், அங்குள்ள ஒருவரைப் படமெடுக்கும் முன் அவரிடம் இசைவு கேளுங்கள். அவருக்குப் பின்னால் நிற்பது என்ன பயிர், யாருடைய நிலம், ஊரின் பெயர் என்ன என்று விசாரியுங்கள். லென்ஸை முழுக்கத் திறந்து ஒரு படம், எஃப்/8இல் இன்னொரு படம் எடுங்கள். வெளியிடும்போது இரண்டையும் சேர்த்தே வெளியிடுங்கள். அவர் சம்மதித்தால் அவர் பெயரையும் ஊரையும் கீழே எழுதுங்கள். அடுத்த முறை போகும்போது அச்சிட்ட பிரதியொன்றை அவர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.